ஹஃப்ஸாவின் இடது கண்

டி.வி. திரையில் ஹஃப்ஸாவின் முகம் தாம்பாளம் அகலத்துக்கு வந்து நின்றது. இரண்டு கண்களிலும் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டு இரண்டு சிவப்புப் பொட்டுகள். சஃபியுல்லா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வலது கண்ணில் இருந்தது சுண்டைக்காய் அளவு. இடது கண்ணில் இருந்தது நெல்லிக்காய் அளவு.

"ஹஃப்ஸா, இங்க வா."

"அடுப்புல மீன் இருக்கு."

"அணைச்சுட்டு வா."

அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்ததால் ஹஃப்ஸா உண்மையிலேயே அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்ன, ஜின்னு புடிச்சவ மாதிரி இருக்கேன்! இந்தப் போட்டோவையா ஹஜ்ஜுக்கு அனுப்பப் போறீங்க?"

"சிவப்பை விடு. அளவைப் பாரு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"கேமரா கோளாறா இருக்கும்."

"ஜப்பான் கேமரா!"

"அப்ப மூஞ்சி கோளாறு," என்று சிரித்துவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். சஃபியுல்லா சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு மாதம் முன்னால்தான் காரைக்காலுக்கு ஒரேயடியாகத் திரும்பியிருந்தார். பஞ்சு, கையுறை, ஊசி, மருந்துப் பெட்டி என்று எண்ணி அடுக்குவதுதான் வேலை. ஆனால் அடுக்குகிற நேரத்தில் ஒவ்வொரு பெட்டியில் இருந்த துண்டுக் காகிதத்தையும் விடாமல் படித்திருந்தார். படிப்பு அந்த மட்டும்தான். தைரியம் அதற்கு மேல்.

ஜோடியாக வருகிற சாமான் ஜோடியாக இல்லையென்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. இதுதான் ஸ்டோரில் அவர் கற்ற பாடம். கையுறைக்குப் பொருந்துவது கண்ணுக்குப் பொருந்தாதா?

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

"கண்ணைத் திற."

"என்னாங்க இது, வேலை நேரத்துல?"

"திறம்மா."

டார்ச்சை அடித்தார். இரண்டு கண்மணிகளும் சுருங்கின. ஆனால் சுருங்கின பிறகும் இடது பெரிதாகத்தான் இருந்தது. அணைத்தார். இரண்டும் விரிந்தன. அப்போதும் இடதுதான் பெரிது. ஹஃப்ஸாவின் குடும்பமே பூனைக்கண் குடும்பம். தேன் நிறக் கண். நடுவில் இருக்கும் கறுப்பு தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிவதை இத்தனை வருஷம் தான் பார்க்கவே இல்லையே என்று ஒரு நொடி உறைத்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியாததால் இது புதிது என்று முடிவு கட்டினார்.

"எனக்குச் சின்னதுலேர்ந்தே இப்படித்தாங்க," என்றாள் ஹஃப்ஸா, மீனைத் திருப்பிப் போட்டபடி. "இடது கண்ணுல பாப்பா கொஞ்சம் பெருசு. எங்க வாப்பா கூட இதுக்காகத்தான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"இதுக்காகத்தான்?"

"ஒண்ணுமில்ல. மீன் தீயுது."

"நீ அடுப்பே பத்த வைக்கலையே இன்னும்."

ஹஃப்ஸா குனிந்து பார்த்தாள். ஆமாம், பற்ற வைக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம். நிக்காஹுக்கு மூன்று மாதம் முன்னால் பெண் வீட்டார் தபாலில் குவைத்துக்கு அனுப்பி வைத்த படம். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை நேரில் பெண்ணைப் பார்ப்பதெல்லாம் கிடையாது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் சம்மதம் சொன்னார். நேரில் பார்த்தபோது நிறம் கொஞ்சம் மட்டு, மூக்கும் கொஞ்சம் வேறு மாதிரி. ஸ்டூடியோ விளக்கில் எல்லாரும் ஒரு சுற்று அழகாகத்தான் தெரிவார்கள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். தாடைக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. அது பிரிண்ட் போட்டவன் தூசி தட்டாதது.

"இதைப் பாரு. சின்னதுலேர்ந்தேன்னா இதுல எங்க? ரெண்டு கண்ணும் சமமா இருக்கா இல்லையா?"

ஹஃப்ஸா படத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. கரண்டி கையிலேயே நின்றது.

"சொல்லு."

"சமமாத்தான் இருக்கு."

"அப்ப சின்னதுலேர்ந்தேன்னு சொன்னியே?"

"மறந்துட்டேன் போல இருக்குங்க," என்றாள், வேறு பக்கம் பார்த்து.

சஃபியுல்லா கூடத்துக்கு வந்து உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். ஒன்று, கண்மணி வித்தியாசம். இரண்டு, அடுப்பு பற்ற வைக்க மறத்தல். மூன்று, சொந்தக் கண்ணையே மறத்தல். மூளைக்குள் ஏதாவது வளர்ந்தாலோ, ரத்தக் குழாய் வீங்கினாலோ கண்ணுக்குப் போகிற நரம்பை அழுத்தி ஒரு கண்மணி பெரிதாகும் என்று எப்போதோ ஒரு காகிதத்தில் படித்த ஞாபகம்.

இருபத்திரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. கூட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது முழுசாக இரண்டு வருஷம் கூட இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பியாகிவிட்டது. இனிமேல்தான் குடும்பம் நடத்தப் போகிறோம் என்று வந்தால், அல்லாஹ்வே, இப்படியா?

"டாக்டர்கிட்ட போவோம், கிளம்பு."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல."

"வலிக்குதா?"

"நீங்க பேசுறதுதான் வலிக்குது. போய்க் குளிங்க."

டாக்டர் என்றதும் இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள்? சஃபியுல்லா நோட்டில் நான்காவதாக எழுதினார்: பயம்.

வரமாட்டேன் என்கிறவளைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது. கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து ஒன்றை ஸ்டோரில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார். அதைச் சின்னதாக இருக்கிற வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால்? அதுவும் விரிந்து இடது கண்ணுக்குச் சமமாக வந்தால் நரம்பு நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காகிதத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

மருந்துக் கடைக்காரர், "டாக்டர் சீட்டு இருக்கா பாய்?" என்று கேட்டார்.

"இருபத்திரெண்டு வருஷம் குவைத்ல ஆஸ்பத்திரியில இருந்தவன் நான்."

சொன்ன தோரணையில் கடைக்காரர் இவரையே டாக்டர் என்று எண்ணி, எழுந்து நின்று கொடுத்தார்.

"குளிர்ச்சிக்கு ஒரு சொட்டு," என்று சொல்லித்தான் ஹஃப்ஸாவின் வலது கண்ணில் விட்டார். இரண்டு சொட்டு விழுந்தது. அரை மணி நேரம் கழித்து அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"என்னாங்க! கண்ணு கூசுது! எதிர்ல எல்லாம் மசமசன்னு இருக்கு!"

ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்மணி இடது கண்ணுக்குச் சமமாகி, அதோடு நிற்காமல் அதைத் தாண்டிப்போய், தேன் நிறமே மெல்லிய வளையமாகத் தேய்ந்து, கண் முழுக்கக் கறுப்பாக நின்றது. டார்ச் வெளிச்சத்துக்கு இடது கண் சுருங்கியது. வலது கண் அசையவே இல்லை. காலையில் நெல்லிக்காயாக இருந்த இடது கண்மணி இப்போது சுண்டைக்காய் போலத் தெரிந்தது.

ஆட்டோ வந்தது. ஹஃப்ஸா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதில் ஏற்றினார்.

பாரதியார் வீதிப் பக்கம் கிளினிக் வைத்திருந்த கண் டாக்டர் கல்யாணசுந்தரி, சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். ஹஃப்ஸாவின் கண்ணில் சின்ன விளக்கை அடித்தார். சிரிப்பு போய்விட்டது. மறுபடி அடித்தார்.

"தலைவலி இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"இமை தொங்குற மாதிரி? எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா? கண்ணுல அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல, இல்ல."

"ஊமத்தஞ்செடி எதையாவது பறிச்சுட்டு அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினீங்களா? அதுல கூட பாப்பா விரியும்."

"எங்க வீட்டுல முருங்கை மட்டுந்தான் டாக்டர்."

"ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா?"

ஹஃப்ஸா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். சஃபியுல்லா மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

வாய் தானாகச் சொன்னது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று நுழையும்போதே டாக்டரிடமும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லிவிட்டு இதை எப்படிச் சொல்வது? ஹஃப்ஸா அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதுவேறு அவருக்கு நெஞ்சை அறுத்தது.

கல்யாணசுந்தரி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது. டாக்டர்கள் குரலைத் தணித்தால் நல்ல சேதி இல்லை என்பது சஃபியுல்லா ஸ்டோர் வாசலிலிருந்தே கவனித்த விஷயம்.

"பாய், பயப்படாம கேளுங்க. வலது கண்ணு வெளிச்சத்துக்கு அசையவே இல்ல. உள்ள நரம்பை ஏதோ அழுத்தலாம். ரத்தக் குழாய் வீக்கமாக் கூட இருக்கலாம். தாமதம் பண்ணக் கூடாது. இப்பவே தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்துடுங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்."

டாக்டர் போனை எடுத்தார். எண்களை அழுத்தினார். சஃபியுல்லா சட்டைப் பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கல்யாணசுந்தரி பாட்டிலைப் பார்த்தார். போனை வைத்தார். அதற்கப்புறம் சொன்னதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. "உங்களை யாருங்க ஆஸ்பத்திரிக்குள்ள விட்டது?" என்பது அதில் மென்மையான வாக்கியம்.

"தப்புதான் டாக்டர்."

"தப்பா? நான் பாதி உசுரு போய் உட்கார்ந்திருக்கேன்! சாயந்திரத்துக்குள்ள மருந்து வேகம் குறைஞ்சுடும். அதுவரைக்கும் அவங்களை வெயில்ல விடாதீங்க. அந்தப் பாட்டிலை இங்கேயே வச்சுட்டுப் போங்க. சரி, எதுக்காக விட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"காலையில இடது கண்ணுதான் பெருசா இருந்துச்சு டாக்டர்."

"அது எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இருக்கு," என்று ஹஃப்ஸா அவசரமாகச் சொன்னாள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அட, அவ்வளவுதானா! அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ரெண்டு பாப்பாவும் கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும். எனக்கே லேசா உண்டு. ரெண்டும் வெளிச்சத்துக்கு ஒழுங்கா சுருங்கி விரிஞ்சா பயமே இல்ல. பிறவியிலேர்ந்து இருக்குன்னா நீங்க வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைக்கலாம்."

ஹஃப்ஸா எழுந்துவிட்டாள். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். இந்த இடத்தில் சஃபியுல்லா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

"இல்ல டாக்டர்," என்றார். "இவளுக்கு மறதி. ஞாபகப் பிசகுல சொல்றா. எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

பர்ஸ் வெளியே வந்தது. ஹஃப்ஸா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கல்யாணசுந்தரி பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் சமமாத்தான் தெரியுது. இது நீங்கதானேம்மா?"

ஹஃப்ஸா டாக்டரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கடைசியாகக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"ஆமா," என்றாள்.

"பாத்தீங்களா டாக்டர், தன் படத்தையே யோசிச்சுத்தான் சொல்றா!"

"ம்," என்றார் டாக்டர். அந்த "ம்" சஃபியுல்லாவுக்குப் பிடிக்கவில்லை. "பழைய படத்துல சமமா இருந்து இப்ப வித்தியாசம்னா, அது புதுசா வந்தது. அப்ப என்னன்னு பார்த்துத்தான் ஆகணும். ஆனா படம் ரொம்பச் சின்னது. ஸ்டூடியோவுல கொடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க. அதுலயும் சமமா இருந்தா யோசிக்காதீங்க. இன்னைக்கே கிளம்புங்க. நான் சீட்டு எழுதித் தர்றேன். மருந்து விட்ட கதையை அங்கேயும் மறைக்காம சொல்லுங்க, புரியுதா?"

ஹஃப்ஸாவை வீட்டில் விட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திப் படுக்க வைத்துவிட்டு, சஃபியுல்லா சோமசேகரனின் ஸ்டூடியோவுக்கு ஓடினார். அப்பா காலத்து ஸ்டூடியோ. இப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தார். படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கினார். பெரிதாகப் பெரிதாக சஃபியுல்லா திரையை நெருங்கிக்கொண்டே போனார். ஒரு பக்கம் கோணலாக இருக்கக் கூடாதா, ஒரு நூல் அளவாவது வித்தியாசம் இருக்கக் கூடாதா என்று மனசுக்குள் துஆ கேட்டார். சோமசேகரன் இரண்டு கண்ணையும் வெட்டிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"அச்சுல வார்த்த மாதிரி ரெண்டும் ஒண்ணு. எங்கப்பா எடுத்ததுங்க பாய். லைட்டிங் பாருங்க!"

சஃபியுல்லாவுக்கு லைட்டிங் எதுவும் தெரியவில்லை. எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பின்னால சீல் கூட இருக்கு. எண்பத்திரெண்டு."

"எங்க நிக்காஹ் எண்பத்தி நாலு."

"ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்து வச்சிருப்பாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க உஷார்." சோமசேகரன் மவுஸை நகர்த்தினார். "தாடைக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு பாய். எடுத்துடவா? ஒரு நிமிஷ வேலை."

"எதையும் தொடாதீங்க. டாக்டர் பார்க்கணும். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

முழுத்தாள் அளவுக்கு ஒரு பிரிண்ட் எடுத்துப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். சஃபியுல்லா அங்கேயே எஸ்.டி.டி. பூத்தில் நின்று நாகூருக்குப் போன் போட்டார். ஹஃப்ஸாவின் லாத்தா, அதாவது அக்கா, மஹ்பூபாவும் அவள் கணவர் சேக் அலாவுதீனும் அங்கேதான் இருந்தார்கள். அலாவுதீனுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. போனை எடுத்தது மஹ்பூபா; தங்கை புருஷன் எதிரில் முகம் காட்டாதவள், போனில் மட்டும்தான் பேசுவாள்.

"மச்சி, ஹஃப்ஸாவுக்கு உடம்பு சரியில்ல. மூளையில ஏதோன்னு டாக்டர் சந்தேகப்படுறாங்க. தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேன். உடனே வாங்க."

"யா அல்லாஹ்! என்ன தம்பி சொல்றீங்க? காலையில கூட போன்ல பேசினாளே!"

"கண்ணு ஒண்ணு பெருசாயிடுச்சு மச்சி."

"எந்தக் கண்ணு?" என்றாள் மஹ்பூபா.

"இடது கண்ணு மச்சி. நிக்காஹுக்கு முன்னாடி அனுப்புனீங்களே, அந்தப் போட்டோவை வச்சுத்தான் டாக்டர் கண்டுபிடிச்சாங்க."

போன் கட்டாகிவிட்டது. அதிர்ச்சி தாங்கவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு, தஞ்சாவூருக்குப் பேசியிருந்த அம்பாஸடர் கார் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே நாகூர் ஆட்டோவும் வந்தது. மஹ்பூபா முக்காட்டைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தபடி இறங்கி, யாரிடமும் பேசாமல் நேராக உள்ளே போய், தங்கையை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அலாவுதீன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன். அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "அல்லாஹ் லேசாக்குவான்" என்பார்.

"அல்லாஹ் லேசாக்குவான் சகலை," என்றார்.

சஃபியுல்லாவால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக் கதவருகே போனார். உள்ளே பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது.

"நீ சொல்லிடு லாத்தா."

"நான் எப்புடிடி சொல்லுவேன்? என் வாயால சொல்ற விஷயமா இது?"

"அப்ப நான் ஸ்கேன்ல போய்ப் படுக்கட்டுமா?"

"மெதுவாப் பேசு. அவங்க காதுல விழுந்துச்சுன்னா அவ்வளவுதான். தாங்க மாட்டாங்க."

விம்மல் சத்தம். எது அக்கா, எது தங்கை என்று தெரியவில்லை. ஆக, இவர்களுக்கு முன்பே தெரியும். வியாதி முன்பே தெரியும். லீவில் வருகிற மனுஷனிடம் சொல்லி ஏன் வருத்துவது என்று மறைத்திருக்கிறார்கள். தாங்க மாட்டேனாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சகோதரிகள் இருவரும் திடுக்கிட்டு விலகினார்கள். மச்சி பக்கத்தில் இருக்கிறாள் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

"ஹஃப்ஸா, எதுவா இருந்தாலும் நான் தாங்குவேன். உன்னை விட்டுட்டுப் போய் இருபத்திரெண்டு வருஷம் அங்க கிடந்தேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. நான் உன்னோடயா குடும்பம் நடத்தினேன்? போட்டோவோடதானே நடத்தினேன்!"

"என்னாங்க, அந்தப் போட்டோ..."

"இரு, சொல்லி முடிச்சுடுறேன். தினம் சுபுஹு தொழுதுட்டு அந்தப் போட்டோ முகத்துலதான் முழிச்சேன். ரூம்ல எல்லாருக்கும் காட்டி, எம் பொண்டாட்டி பாருடான்னு பெருமையடிச்சேன். படுக்கும்போது தலகாணிக்குக் கீழ வச்சுக்குவேன். நோன்புப் பெருநாளைக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டுத்தான்..."

மஹ்பூபா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று முனகி, முக்காட்டை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

ஹஃப்ஸா தேம்பினாள். சொட்டு மருந்து விட்ட கண்ணிலும் விடாத கண்ணிலும் ஒரே அளவாகத்தான் தண்ணீர் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ரொம்ப நல்லவங்க. என்னை மன்னிச்சுடுங்க."

"மன்னிக்கிறதுக்கு என்னா இருக்கு? நான்தான் மன்னிப்புக் கேக்கணும். இத்தனை வருஷத்துல உன் முகத்தை நேருக்கு நேர் ஒரு தடவை ஒழுங்காப் பாத்திருந்தா என்னைக்கோ கண்டுபுடிச்சிருப்பேன்."

"அதைத்தாங்க நானும் பயந்துட்டு இருந்தேன்," என்று ஹஃப்ஸா மேலும் அழுதாள். இது சஃபியுல்லாவுக்குப் புரியவில்லை. ஐந்தாவது அறிகுறியாக வைத்துக்கொண்டார்.

வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தான். "இருட்டுறதுக்குள்ள தஞ்சாவூர் போவணும் பாய்!"

எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். ஹஃப்ஸாவின் பை, தண்ணீர் பாட்டில், டாக்டர் சீட்டு. சஃபியுல்லா எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளப் பார்த்தார்; பழுப்பு உறை நழுவியது. அலாவுதீன் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"டாக்டர் கேட்ட ஆதாரம் சகலை. நிக்காஹுக்கு முன்னாடி உங்க மாமனார் எனக்கு அனுப்பின போட்டோ. பெருசு பண்ணி எடுத்திருக்கேன். இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி கண்ணு ரெண்டும் எவ்வளவு சமமா இருந்துச்சுன்னு நீங்களே பாருங்க."

"வேணாம்!" என்று மஹ்பூபா கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல, நேரமாவுது. அவங்களுக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. இங்க கொடுங்க, நான் வச்சுக்கிறேன்."

"கண்ணாடி இருக்கே," என்றார் அலாவுதீன்.

மஹ்பூபா கை நீட்டினாள். ஹஃப்ஸாவும் நீட்டினாள். ஒருத்தி அழுது கண் வீங்கியவள், இன்னொருத்திக்கு எல்லாம் மசமச; இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அதற்குள் அலாவுதீன் ஜிப்பாப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துணியில் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, உறையிலிருந்து படத்தை உருவினார்.

கண்களைப் பார்த்தார். ஆமாம், சமம்தான் என்று தலையாட்டினார். பார்வை மெல்லக் கீழே இறங்கி, தாடைக்குக் கீழே இருந்த புள்ளியில் வந்து நின்றது. படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். திரும்பி, முக்காட்டைத் தாடையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மஹ்பூபாவை ஒரு முறை பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் சரி சகலை, எம் பொண்டாட்டி போட்டோவை இருபத்திரெண்டு வருஷமா நீங்க எதுக்குப் பர்ஸுல வச்சிருக்கீங்க?"